சுடாத டாங்க்

அந்த டாங்க் அவளைச் சுடவே இல்லை. சுட்டுத் தொலைத்திருந்தால் தமயந்திக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இடிந்துபோன மாவு மில்லின் பின்சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றாள். கையில் ராக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. இருந்த ஆறையும் அடித்துப் பார்த்தாயிற்று. எருமை மேல் மழை பெய்த மாதிரி அது அசையாமல் நின்றது. அறுபதடி தூரத்தில் உறுமிக்கொண்டிருந்த அந்த இரும்பு மலையின் குழல் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. இடப்பக்கம் ஓடினால் குழலும் இடப்பக்கம் திரும்பியது. நின்றால் நின்றது. ஒரு குண்டு போதும். செத்து, பத்து விநாடியில் வேறு இடத்தில் மறுபடி முளைத்து ஆட்டத்தைத் தொடரலாம். அந்தச் சாவைத்தான் அது கொடுக்க மாட்டேன் என்றது. பதினெட்டு நிமிடமாக அவளைச் சந்து சந்தாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தது.

டாங்கின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஓடுங்க அம்மிணி. மெதுவா ஓடுங்க. வழுக்கி விழுந்துறப் போறீங்க."

பேசுகிறவர் யாரென்று தெரியாதபடி விளையாட்டு எல்லாக் குரலையும் இரும்புக் குரலாக மாற்றிவிடும். ஆனால் மரியாதையை அது மாற்றுவதில்லை. அந்த மரியாதையைத்தான் தமயந்தியால் பொறுக்க முடியவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடத் துடைத்துப் போட்டிருப்பாள்.

தலைக்கவசத்தைக் கழற்றி வீசினாள். காளப்பட்டி அலுவலகத்தின் மூன்றாம் மாடி, குளிர்சாதனக் காற்று, மதிய வெயில் தெரியும் கண்ணாடி ஜன்னல். பக்கத்து மேஜையில் ஜெரின் திரையைப் பார்த்துக்கொண்டு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். நாகர்கோவில்காரன்; எண்களைச் சேகரித்துத் தருவது அவன் வேலை.

"எக்கா, கலக்கிட்டியளே! உங்க விறுவிறுப்பு எண் தொண்ணூத்தி நாலு. இந்த வாரத்துல இதுதான் உச்சம்."

"எனக்கு வாந்தி வருது ஜெரின்."

"வாந்திய எல்லாம் இது காட்டாதுக்கா. சந்தோஷமா இருக்கியன்னுதான் சொல்லுது."

தமயந்தி மார்பை இறுக்கிப் பிடித்திருந்த துடிப்புச் சட்டையின் பட்டைகளை உரித்தெடுத்தாள். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

'செம்புழுதி' என்ற அந்த விளையாட்டில் எட்டு லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் டாங்க், மறுபக்கம் காலாட்படை. இரண்டையும் சமமாக வைத்திருப்பது தமயந்தியின் உத்தியோகம். டாங்கின் இரும்பைக் கொஞ்சம் தடிமனாக்கினால் காலாட்கள் அழுதுகொண்டு ஓடுவார்கள். ராக்கெட்டின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் டாங்க் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளையின் பிழைப்பு அது. அவள் ஏழு வருடமாக அந்தப் பிழைப்பை ரசித்துத்தான் செய்தாள்.

போன வருடம் துடிப்புச் சட்டை வந்தது. உடுத்துகிறவரின் இதயத் துடிப்பை அது அறியும், எதிராளிக்கும் கடத்தும். அதைக் கடத்தலாம் என்று யோசனை சொன்னவளே தமயந்திதான். "இரும்புப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கறவருக்கு, வெளிய நிக்கறது ஒரு உசுருன்னு தெரியட்டுமே. கொஞ்சம் இரக்கம் வரும்" என்றாள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் இன்னொருவரின் பயத்தை அப்படியே நெஞ்சில் வாங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வடிவமைப்புக்காரர்கள் அதை மென்மையாக்கினார்கள். காலாளின் படபடப்பு, டாங்க் ஓட்டுகிறவரின் மார்பில் வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாக இறங்கியது.

வியாழக்கிழமைதோறும் அலுவலகத்தார் எல்லோரும் பொய்ப் பெயரில் காலாட்களாகப் பொதுமக்களோடு கலந்து ஆட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எந்தப் பெயரில் போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. அப்படிப் போன மூன்று வியாழனாக இதே டாங்க், இதே மரியாதையோடு அவளைத் தேடி வந்தது.

"இதுக்கு அவங்க பேரே வெச்சிருக்காங்கக்கா," என்றான் ஜெரின். "மேய்ப்பு. காலாளக் கொல்லாம ஓட்டிக்கிட்டே திரிஞ்சா ஒத்தடம் நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். கொன்னுட்டா நின்னு போவும். அதனால கொல்ல மாட்டானுவ."

"காலாட்கள் வெளிய போயிரலாமே?"

"பாதியில போனா படிநிலை இறங்குமே. நீங்கதான் அந்த விதியப் போட்டிய." முறுக்கை வைத்துவிட்டு ஒரு கடிதத்தைத் திரையில் கொண்டுவந்தான். "இத வாசிங்க. தர்மபுரியில நர்சிங் படிக்கிற பொண்ணு."

'ஐயா, ராக்கெட்டைக் கூட்டித் தர வேண்டாம். டாங்க்காரர்களைச் சுட்டுவிடச் சொல்லுங்கள். அது போதும்.'

தமயந்தி இரண்டு முறை படித்தாள்.

"இவளோட எண் எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விறுவிறுப்பு எண்ணுக்கான சூத்திரம் அவள் எழுதியது. துடிப்பு ஏறினால் ஆட்டம் பிடித்திருக்கிறது என்று பொருள். பிடித்தால் ஏறத்தான் ஏறும், பயந்தாலும் அதே ஏற்றம்தான் ஏறும் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. விளையாட்டில் யார் நிஜமாகப் பயப்படப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். மேய்க்கப்படும் காலாளுக்குத் தொண்ணூறு, மேய்க்கும் டாங்குக்குத் தொண்ணூறு. இரண்டு தரப்பும் ஆனந்தத்தில் மிதப்பதாக நம்பிய சமன் இயந்திரம், ஓட்டம் நீள நீள எண் ஏறுவதைக் கண்டு, வாராவாரம் தானாகவே ராக்கெட்டின் பலத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தது. முதலில் மூன்று ராக்கெட்டில் டாங்க் சாகும். பிறகு ஐந்து. இப்போது ஆறு அடித்தும் சாகவில்லை.

லட்சக்கணக்கான காலாட்களின் நடுக்கத்தைச் சிரிப்பு என்று எழுதி வைத்தவள் அவள்.

மாலையில் வடவள்ளி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மாதேஸ்வரன் தாழ்வாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவன். வியாழன் மதியத்துக்கு மேல் கிளினிக் கிடையாது. அவன் கை பட்டால் பிள்ளைகள் அழுவதில்லை என்று ஊரில் பெயர். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் தமயந்தியை ஒருமுறைகூட 'நீ' என்றதில்லை. அவள் தோழிகள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

"வந்துட்டீங்களா? மெதுவா ஏறுங்க அம்மிணி, ஈரமா இருக்குது. வழுக்கி விழுந்துறப் போறீங்க."

தமயந்தியின் கால் படியிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க, முகமே சரியில்லையே?"

"ஒண்ணுமில்லைங்க. தலைவலி."

அவன் உடனே சுக்குக் காபி போட்டுக் கொடுத்தான். ராத்திரிக்குத் தோசை என்றும், தேங்காய்ச் சட்னி அரைத்தாகிவிட்டது என்றும் சொன்னான். அவன் போகும்போதும் வரும்போதும் அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொங்கு நாட்டில் ஆயிரம் ஆண்கள் இப்படிப் பேசுவார்கள், எத்தனையோ பேர் 'விழுந்துறப் போறீங்க' என்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னைக்கு விளையாடினீங்களா?" என்று காபியை ஆற்றியபடி கேட்டாள்.

"ரெண்டு ரவுண்டுங்க." பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த துடிப்புச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஆடுவான். ஊழியர்களுக்குச் சலுகை விலை.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?"

மாதேஸ்வரன் சிரித்தான். குழந்தைகளிடம் 'வாயைத் திறங்க சாமி' என்று சொல்லும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

"யாரையும் சுடலைங்க."

ஏதோ புண்ணியம் செய்தவனைப் போல அதைச் சொன்னான். தமயந்தியின் வாயில் காபி கசந்தது. பாவம், அவனுக்குத் தெரியாது என்று நினைத்தாள். அந்தச் சுவரோரம் நின்றது தன் பெண்டாட்டி என்று தெரிந்திருந்தால் துடித்துப் போயிருப்பான். அந்த எண்ணம் ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. பிறகு, வேறு ஒருத்தியாக இருந்தால் மட்டும் சரியா என்று தோன்றியதும் அந்த ஆறுதலும் நாறிப்போயிற்று.

மறுநாள் காலை கிருபாகரனின் அறைக்குப் போனாள். நிறுவனத்தின் தலைவர். சென்னையிலிருந்து வந்தவர். எந்தக் கெட்ட செய்தியையும் நல்ல செய்தியாக்கிவிடுகிற கெட்டிக்காரர்.

"சூத்திரம் தப்பு சார். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். பயத்தையும் சந்தோஷத்தையும் ஒரே தட்டுல போட்டு நிறுத்திருக்கேன். ராக்கெட்டைப் பழைய பலத்துக்குக் கொண்டு வரணும். துடிப்பைக் கடத்துறதை நிறுத்தணும்."

"நிறுத்தினா டாங்க் ஆளுங்க போயிடுவாங்க, தமயந்தி. அவங்க வர்றதே அதுக்காகத்தான்."

"எதுக்காகன்னு ஒரு தடவை வாயால சொல்லுங்க சார்."

அவர் பேனாவைத் திருகினார். "பயம்னு சொல்றீங்க. திகில் படம் பார்க்கக் காசு கொடுத்துப் போறாங்களே, அதுவும் பயம்தானே?"

"படத்துல வர்ற பேய் நம்ம பயத்தைக் குடிச்சு ஏப்பம் விடறதில்லை சார்."

கிருபாகரன் முகம் சுளித்தார். காலை நேரத்தில் இப்படிப் பேசுகிறாளே என்ற சுளிப்பு. கேட்ட விஷயத்துக்காக இல்லை. தமயந்திக்கு அந்த அறையின் வாசனைத் திரவியம்கூடக் குமட்டியது. ஆனாலும் விடவில்லை.

"சரி. கடத்துறதை நிறுத்த வேண்டாம். மென்மையாக்குறதை மட்டும் எடுத்துடுவோம். காலாளுக்கு என்ன இருக்கோ, அதை அப்படியே டாங்க் ஓட்டறவருக்கும் கொடுப்போம். ஒரு வாரம் போதும்."

அவர் கண் விரிந்தது. "'கலப்படமில்லாத துடிப்பு'! விளம்பரத்துக்கே நல்லா இருக்கே. ஒரு வாரம் பார்ப்போம். ஆனா சமன் விஷயத்துல உங்க ஒப்புதல் இல்லாம எதையும் மாத்த முடியாது, சரியா? எண் இறங்கினா நீங்களே திருப்பிடணும்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மாதேஸ்வரன் ஒருமுறை அதை உணர வேண்டும். நல்ல மனுஷன், அடுத்தவர் வலி பொறுக்காதவன். ஊசி போடும்போது பிள்ளையை முந்திக்கொண்டு தன் கண்ணைச் சுருக்குகிறவன். உள்ளே இறங்குவது ஒத்தடமில்லை, ஒரு பெண்ணின் நடுக்கம் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சட்டையைத் தானே கழற்றி எறிந்துவிடுவான். டாங்க் ஓட்டுகிற எல்லோரும் எறிவார்கள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த வாரத்தைத் தள்ளினாள். அவன் தட்டில் வைத்த தோசையைச் சாப்பிட்டாள். அவன் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மாற்றம் அமலுக்கு வந்த அடுத்த வியாழன் மதியம், சிதைந்த ரயில் நிலையம் ஒன்றில் இறங்கினாள். பத்து நிமிடத்துக்குள் அது வந்துவிட்டது. நடைமேடையை நொறுக்கிக்கொண்டு வந்து, வழக்கமான தூரத்தில் நின்று, குழலைத் திருப்பியது. தமயந்தியின் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. அவள் ஓடவில்லை. எடுத்துக்கோ, முழுசா எடுத்துக்கோ என்று நின்றாள்.

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்கிவிட்டது. பிறகு அந்த டாங்க் பின்வாங்கியது. தடுமாறி ஒரு கம்பத்தில் இடித்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

தமயந்தி தலைக்கவசத்தைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியில் வடவள்ளி முக்கில் முல்லைச் சரம்கூட ஒன்று வாங்கினாள்.

மாதேஸ்வரன் சோபாவில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். சட்டை கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை ஒரே மூச்சில் குடித்தான்.

"என்னாச்சுங்க?"

"ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. நெஞ்சையே பிடிச்சுக்கிச்சு. செத்துருவனோன்னு பயந்துட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒன்பது வருடத்து நல்லதுக்காகவாவது சொல்லிவிட வேண்டும்.

"அது உங்க பயமில்லைங்க. அந்தக் காலாளோட பயம்." முல்லைச் சரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்தக் காலாள் நான்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதிர்ச்சியைத் தேடினாள், அவன் முகத்தில் அது இல்லை.

"தெரியுமுங்க," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு. மொத வியாழக்கிழமையே தெரிஞ்சு போச்சுங்க. உங்க துடிப்பு எனக்குத் தெரியாதுங்களா? ஒம்பது வருசமா காது வெச்சுக் கேட்டது. மூணு அடிச்சு, ஒரு நொடி தயங்கி, அப்புறம் நாலாவது அடிக்கும். லட்சம் பேர்ல விட்டாலும் கண்டுபிடிச்சுருவேன்."

இதே வார்த்தையைப் போன மாதம் சொல்லியிருந்தால் தமயந்தி உருகிப் போயிருப்பாள். இப்போது கையிலிருந்த முல்லைச் சரம் ஏதோ ஊர்வது போலிருந்தது. கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுமா என்னை அப்படி ஓட ஓட விரட்டினீங்க?"

"தெரிஞ்சதுனாலதானுங்க! வேற ஆளா இருந்தா அப்பவே சுட்டு முடிச்சிருப்பேன். உங்களைச் சுட எனக்கு மனசு வருமா?" அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "வீட்டுல நான் பக்கத்துல வந்தா உங்க நெஞ்சு அசையறதே இல்லைங்க. கடியாரமாட்ட அடிக்குது. நானும் ரெண்டு மூணு வருசமாப் பாக்கறேன். அங்க பாத்தா, என்னையப் பாத்ததும் அப்படித் துடிக்குது. இன்னும் எம்மேல இருக்குதுன்னு... சட்டைக்குள்ள கதகதன்னு இருக்குமுங்க. அழுகையே வந்துரும்."

"அது ஆசையில்லை. பயம்."

"இப்பத் தெரியுதுங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தமயந்தி ஒரு நொடி தளர்ந்தாள். இனி அவன் மன்னிப்புக் கேட்பான். கேட்டால் என்ன சொல்வது என்று அவள் மனம் வார்த்தை தேடக்கூடத் தொடங்கிவிட்டது.

"ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா?" என்றான் மாதேஸ்வரன். "அதைப் பழையபடி மாத்திருங்க."

"எதை?"

"அந்த ஒத்தடத்தைத்தான். நீங்கதானுங்களே அங்க எல்லாம். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பயம்னு தெரிஞ்சதுக்கப்புறமுமா?"

"எனக்கு அது தெரியாம இருந்தாப் போதுமுங்க." கெஞ்சலாகச் சொன்னான். "உங்களை நான் என்ன பண்ணிட்டேன்? ஒரு கீறல் உண்டுங்களா?"

கைப்பேசி அதிர்ந்தது. கிருபாகரன். நாற்பதாயிரம் டாங்க்காரர்கள் புகார் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நெஞ்சு வலிக்கிறதாம். பழைய ஒத்தடம் வேண்டுமாம். ஆறு மணிக்குள் ஒப்புதல் அனுப்பவும். 'பயத்தை நிறுத்தச் சொல்லி யாராவது எழுதியிருக்கிறார்களா?' என்று தமயந்தி எழுதிக் கேட்டாள். 'இல்லை. அது அவர்களுக்குத் தெரியக் கூடாதாம், அவ்வளவுதான்' என்று பதில் வந்தது.

அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மாதேஸ்வரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மருத்துவன் விரல், நாடியைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஏழெட்டு துடிப்பு எண்ணினான். அவன் முகம் தெளிந்தது.

"நிதானமாத்தானுங்க அடிக்குது. அப்ப எம்மேல கோவமில்லை."

தமயந்தி அந்த விரல்களைப் பார்த்தாள். சுத்தமான விரல்கள்; நகம் ஒட்ட வெட்டியவை.

"கோவத்துக்குத் துடிக்கும்ங்க. பயத்துக்கும் ஆசைக்கும் துடிக்கும்," என்றாள் அமைதியாக. "இது அருவருப்பு. இதுக்கு ஏறாது. உங்க சட்டையிலயும் தெரியாது, என் சூத்திரத்துலயும் வராது."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். 'ஒப்புதல் இல்லை' என்று கிருபாகரனுக்கு அனுப்பினாள். 'அப்படியானால் உங்களை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டு நாங்களே மாற்றிக்கொள்கிறோம்' என்று அரை நிமிடத்தில் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆறு மணி ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதுவரை அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யும்.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, எட்டு லட்சம் பேரும் பார்க்கும் அறிவிப்புப் பலகைக்குப் போனாள். மாதேஸ்வரன் பின்னால் வந்து நின்று, "யோசிச்சுப் பண்ணுங்க அம்மிணி" என்றான். அவள் திரும்பவில்லை.

'செம்புழுதியின் காலாட்களுக்கு,' என்று எழுதினாள். 'நீங்கள் நடுங்கியதை எல்லாம் நீங்கள் மகிழ்ந்ததாகக் கணக்குப் போட்டவள் நான். டாங்குகள் உங்களைச் சுடாததற்குக் காரணம் இரக்கமில்லை. உங்கள் நடுக்கம் அவர்கள் மார்பில் இதமாக இறங்குகிறது. இன்று மாலை முதல் மறுபடி அப்படித்தான் இறங்கும். சட்டையைக் கழற்றிவிடுங்கள்.'

சூத்திரத்தையும் வரிக்கு வரி கீழே சேர்த்தாள்.

பெயர் கேட்டது பலகை. ஒன்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே 'தமயந்தி மாதேஸ்வரன்' என்று தட்டிவிட்டன. அவள் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, 'தமயந்தி' என்பதோடு நிறுத்தி, அனுப்பினாள்.